தாய்மாமன் பட்டியல்

அவருக்குக் காய்ச்சல் வந்தால் காய்ச்சல் என்று சொல்ல மாட்டார். "உடல்நலக் குறைவு காரணமாக வீட்டில் ஓய்வெடுத்து வருகிறேன்" என்பார் போனில், தன்னைப் பற்றியே. மழையில் நனைந்து டீக்கடைக்கு வந்தால், "இன்று காலை பெய்த திடீர் மழையால் என் வேட்டி சேதமடைந்தது" என்று அறிவித்துவிட்டுத்தான் பெஞ்சில் உட்காருவார். டீயில் சர்க்கரை குறைந்தால் கண்டனம். கூடினால் கடும் கண்டனம். மாஸ்டர் வேறு டீ போட்டுக் கொடுத்தால், "கோரிக்கை ஏற்கப்பட்டதையடுத்துப் போராட்டம் கைவிடப்பட்டது."

முதலில் கேலி செய்கிறார் என்றுதான் நினைத்தேன். கேலி செய்வது என் துறை. அதில் வெளியூர்க்காரர் ஒருவர் கை வைப்பது எனக்குப் பிடிக்கவில்லை. அவருக்குத் தெரிந்த தமிழே அது ஒன்றுதான் என்று பிற்பாடுதான் புரிந்தது.

ஒடிசாவில் ஏதோ ஒரு சின்ன டவுனில் வாரப் பத்திரிகை நிருபராக இருந்தவர். எதையோ எழுதினார், யாருக்கோ பிடிக்கவில்லை, ஊரைவிட்டுக் கிளம்ப வேண்டியதாயிற்று. இதற்கு மேல் எனக்குத் தெரியாது. கேட்டால், "தவிர்க்க முடியாத காரணங்களால்" என்பார். அரியலூர்ப் பக்கம் சிமென்ட் ஆலைக்குப் புகைபோக்கி கட்ட வந்த கூட்டத்தோடு, ஆட்களின் வருகையைக் குறிக்கிறவராக ரயிலேறி வந்தார். கூட்டம் புகைபோக்கியைக் கட்டி முடித்துவிட்டு அடுத்த ஊருக்குப் போயிற்று. இவர் போகவில்லை. புகைபோக்கி மாதிரியே இங்கேயே நின்றுவிட்டார்.

தமிழை டீக்கடை நாளிதழில் கற்றார். முதலில் படத்தைப் பார்ப்பார். பிறகு அதன் கீழே இருக்கும் வரியைப் பக்கத்தில் இருப்பவரைப் படிக்கச் சொல்லிக் கேட்பார். கவிழ்ந்த லாரி, நாடா வெட்டும் அமைச்சர், காலிக் குடத்தோடு சாலையில் உட்கார்ந்திருக்கும் பெண்கள். 'தண்ணி குடுங்க' என்று கேட்க வருவதற்கு முன்பே 'குடிநீர் கேட்டுச் சாலை மறியல்' அவருக்குச் சரளமாக வந்துவிட்டது. இப்படியே ஐந்தாறு வருடம் போனது. பிறகு ஒரு நாளிதழின் பகுதி நேர நிருபர் வேலை காலியானபோது, அவர் எழுதிக் காட்டிய ஒரு பக்கத்தைப் பார்த்த திருச்சி ஆபீஸ்காரர்கள் மறுநாளே வரச் சொன்னார்கள். நான் வேறொரு நாளிதழின் நிருபர். எனக்கு அந்த நடை கைவர நாலு வருடம் ஆயிற்று. வீட்டில் பேசும் தமிழை ஒவ்வொரு சொல்லாக மறந்தால்தான் அது வரும். அவருக்கு மறக்க ஒன்றும் இல்லை. நேராகவே போய்ச் சேர்ந்துவிட்டார்.

பெயரைச் சொல்லவில்லையே என்று கேட்பீர்கள். அவருக்கு இரண்டு பெயர்கள். ஒன்று பெற்றவர்கள் வைத்தது. இன்னொன்று நாற்பத்தொன்பதாவது வயதில் மாதா கோயிலில் வைத்தது. இரண்டையும் எங்கள் ஊரில் யாரும் கூப்பிட்டதில்லை. முதலில் அவர் இந்திக்காரர். "இந்தி அல்ல, ஒடியா" என்று அவர் மறுப்பு வெளியிட்டுப் பார்த்தார். "ரெண்டும் ஒரே ரயில்லதானங்க வருது" என்று மாஸ்டர் முடித்துவிட்டார். வேலை கிடைத்த பிறகு நிருபர். நாளிதழிலும் செய்திக்கு மேல் 'நமது நிருபர்' என்றுதான் வரும். இத்தனை பேர் இத்தனை வருடம் செய்ததையே நானும் செய்துவிட்டுப் போகிறேன்.

அவரை ஒரே வரியில் சொல்லச் சொன்னால், முறை கேட்பவர் என்பேன். உறவுமுறை. விபத்து நடந்த இடத்தில் நாங்கள் எல்லாம் வண்டி நம்பரைக் குறித்துக்கொண்டிருப்போம். அவர் அழுகிறவர்களிடம் போய், மெதுவாக, இறந்தவர் இவருக்கு என்ன முறை என்று கேட்பார். மற்ற நாளிதழ்களில் 'உறவினர் இருவர் காயம்' என்று வரும். அவர் எழுதி அனுப்பும் செய்தியில் மட்டும் 'அவருடைய சின்ன மாமனாரும், கொழுந்தியாளின் கணவரும் காயம்' என்று வரும். திருச்சி ஆபீஸில் இதை வெட்டிவிடுவார்கள். அவர் மறுபடியும் எழுதுவார்.

அதற்கென்றே அவரிடம் தனி நோட்டு ஒன்று இருந்தது. உறவுமுறைகளைப் பற்றி மானுடவியலாளர்கள் தடித்த புத்தகங்கள் எழுதியிருக்கிறார்கள். அவற்றில் இரண்டை நான் பாதிவரை படித்திருக்கிறேன். அவருடைய நாற்பது பக்க நோட்டு அவற்றைவிடத் தெளிவு. அதில் ஒரு பக்கம் எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. 'பங்காளி: சொத்தில் உரிமை உண்டு. சண்டையில் உரிமை உண்டு. மச்சான்: கேலி செய்ய உரிமை உண்டு. என்ன தவறு செய்திருந்தாலும் விருந்துக்கு அழைத்தாக வேண்டும்.'

நானோ உடையார்பாளையம் பக்கத்து விவசாயக் குடும்பம். எனக்குச் சொந்தக்காரர்கள் முந்திரிக்காடு மாதிரி. உள்ளே நுழைந்தால் வெளியே வர வழி தெரியாது. கல்யாண வீடுகளில் தூணுக்குப் பின்னால் நின்றே பழகியவன். அப்படி ஒரு கல்யாணத்தில், எதிரே வந்த பெரியவரைப் பார்த்து நான் பந்திப் பக்கம் நழுவப்போனபோது, நிருபர் என் முழங்கையைப் பிடித்து நிறுத்தினார். அந்தப் பெரியவர் என் அம்மாவின் பெரியப்பா மகன், ஆகவே எனக்கு மாமா, கூட வருகிற அம்மாள் எனக்கு அத்தை, வணக்கம் சொல்வது முறை என்றார். சொன்னேன். ஒடிசாக்காரர் ஒருவர் சொல்லித்தான் எனக்கு அந்த மாமா கிடைத்தார். அவர் ஐம்பது நிமிடம் தன் மூட்டுவலியைப் பற்றிப் பேசினார்.

திருமழபாடியில் நந்திக்குக் கல்யாணம் நடக்கும். வருடா வருடம் நாங்கள் இருவரும் ஒரே வண்டியில் போவோம். கொள்ளிடக் கரையில் கூட்டம் சொல்லி முடியாது. சாமி கல்யாணம்தான் என்றாலும் மாப்பிள்ளை வீடு, பெண் வீடு என்று ஜனங்கள் இரண்டு பக்கமும் உரிமையோடு நிற்பார்கள். அவர் நடுவில் ஒரு கல்தூணை ஒட்டி நிற்பார். ஏன் அங்கே என்று ஒருமுறை கேட்டேன். "இரு தரப்பிலும் எனக்கு உறவினர் இல்லை. ஆகவே நடுநிலை" என்றார்.

அப்போது சிரித்தேன். அன்றைக்கு என் செய்தியிலேயே அதை ஒரு துணுக்காகச் சேர்க்கலாமா என்றுகூட யோசித்தேன்.

அதே வருடம் மழைக்காலத்தில் ஒரு காலை என் கடைக்கு வந்தார். பழைய பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே நான் ஜெராக்ஸும் கம்ப்யூட்டரும் போட்டு, கல்யாணப் பத்திரிகை, காதுகுத்துப் பத்திரிகை அடித்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். நிருபர் வேலை புகழுக்கு, இது சோற்றுக்கு. அவர் நாற்காலியில் உட்காரவில்லை. "ஒடிசாவைச் சேர்ந்த என் தாயார் காலமானார்" என்றார். அண்ணன் அன்று காலைதான் போனில் சொன்னாராம். காரியம் எல்லாம் முடிந்து பதினோரு நாள் கழித்து. பிறகு "அவருக்கு வயது" என்று ஆரம்பித்து நின்றுவிட்டார். எத்தனை வயது என்று அவருக்குத் தெரியவில்லை. விரலை மடக்கிக் கணக்குப் போட்டுப் பார்த்தார். வரவில்லை. செய்தியில் வயது இல்லாமல் யாரும் காலமாக முடியாது. மூன்று தடவை அந்த வாக்கியத்தை ஆரம்பித்தார், மூன்று தடவையும் அதே இடத்தில் நின்றது. அழுதிருந்தால் எனக்கு ஏதாவது செய்யத் தெரிந்திருக்கும். டீ வாங்கிக் கொடுத்தேன்.

பஸ் ஸ்டாண்டை ஒட்டி ஓர் அக்காவின் இட்லிக் கடை இருந்தது. கொள்ளிடக் கரையோரக் கிறிஸ்தவக் குடும்பம், கணவர் இல்லை, ஒரே மகள். பதினோரு வருடமாக நிருபருக்கு மூன்று வேளையும் அங்கேதான் சாப்பாடு. அவருக்கு மஞ்சள் காமாலை வந்தபோது ஆஸ்பத்திரியில் சேர்த்தது அந்த அக்காதான். சேர்க்கும்போது நர்ஸ், "நீங்க அவருக்கு என்னம்மா வேணும்?" என்று கேட்டிருக்கிறார். அக்கா யோசித்துவிட்டு, "இட்லி குடுக்கறவ" என்றாராம். நர்ஸ் சிரித்துவிட்டு, படிவத்தில் அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டுவிட்டார். கட்டிலில் கிடந்தபடி இதை அவர் கேட்டுக்கொண்டிருந்தார். எனக்கு இதைச் சொன்னதும் அவர்தான். சொல்லிவிட்டு, "உறவுமுறைக் கட்டம் நிரப்பப்படவில்லை" என்று இரண்டு தடவை சொன்னார்.

மூன்று வருடம் கழித்து அவர் ஞானஸ்நானம் பெற்றார். ஏன் சேர விரும்புகிறீர்கள் என்று பங்குச் சாமியார் கேட்டதற்கு, "திருச்சபையில் இணைவதென ஏகமனதாக முடிவு செய்துள்ளேன்" என்றாராம். ஒரே ஆள், ஏகமனது. சாமியார் ஜெபப் புத்தகத்தால் வாயை மறைத்துக்கொண்டார் என்று கேள்வி.

ஞானஸ்நானத்துக்கு ஞானத்தாய் வேண்டும். அவர் அக்காவைக் கேட்டார். அக்காவுக்கு அப்போது நாற்பத்திரண்டு வயது, அவருக்கு நாற்பத்தொன்பது. தன்னைவிட ஏழு வயது மூத்த மகனைப் பெற்றுக்கொண்டு அந்த அம்மாள் மறுநாள் வழக்கம்போல ஐந்து மணிக்கு இட்லி ஊற்ற வந்துவிட்டார். "வாங்க மவனே, சாப்ட்டீங்களா?" என்றுதான் கூப்பிடுவார். மவனே என்றும் சொல்ல வேண்டும், பெரிய மனுஷருக்கு 'ங்க'வும் போட வேண்டும். இரண்டையும் விடாமல் பல வருடம் சமாளித்தார். இவரும் சளைத்தவர் அல்ல. கடைக்குள் நுழையும்போது செருப்பைக் கழற்றுவார். அக்கா எழுந்தால் இவரும் எழுவார். அக்காவின் மகளை அன்றிலிருந்து "தங்கச்சி" என்றார். அந்தச் சொல்லைச் சொல்லும்போது மட்டும் செய்தி வாசிக்கிற குரல் கொஞ்சம் தடுமாறும்.

ஊர் சும்மா இருக்குமா? நாலு பேர் கவலையோடு விசாரிக்க வந்தார்கள். யாராவது எதையாவது கொடுத்து மாற்றிவிட்டார்களா என்று கேட்டார்கள். அந்தத் தகவல் அடிப்படை ஆதாரமற்றது என்றார். டீ சொன்னார். பிறகு வழக்கம்போல நோட்டை எடுத்து, நால்வரும் ஒருவருக்கொருவர் என்ன முறை என்று கேட்க ஆரம்பித்தார். அரை மணி நேரத்தில் அவர்களில் இரண்டு பேர் மாமன் மச்சான் ஆகிறார்கள் என்பது வெளியே வந்தது. ஒருவருக்குக் கல்யாண வயதில் பையன், இன்னொருவருக்குப் பெண். இவரை விசாரிக்க வந்ததை மறந்து, ஜாதகத்தைப் பற்றிப் பேசிக்கொண்டே போய்விட்டார்கள்.

அவரை நானும் அப்படித்தான் எடை போட்டிருந்தேன். சொந்தம் வேண்டும் என்பதற்காகச் சாமியை மாற்றிக்கொண்டவர் என்று. நான் சாமியோடு பேச்சுவார்த்தை இல்லாதவன். எனக்கு அது வேடிக்கையாக இருந்தது. ஒருநாள் கேட்டேவிட்டேன், கோயிலில் உட்கார்ந்து ஜெபம் செய்கிறீர்களா, செய்தி சேகரிக்கிறீர்களா என்று. அவர் கோபித்துக்கொள்ளவில்லை. "ஜெபம் ஒடியாவில் நடைபெறுகிறது" என்றார். என்ன கேட்பீர்கள் என்றேன். "பேட்டி அளிக்க மறுப்பு" என்றார். பிறகு அவராகவே, அங்கே உட்கார்ந்தால்தான் அம்மாவின் முகம் சரியாக நினைவுக்கு வருகிறது என்று சொன்னார். அதன்பின் அந்த விஷயத்தில் நான் வாயைத் திறக்கவில்லை. திருமழபாடிக்கு மட்டும் அவர் தொடர்ந்து வந்தார். அதே கல்தூண்.

இன்னொரு கேள்வியும் கேட்டிருக்கிறேன். மாவட்டம் முழுக்க முறை சொல்கிறவர் என்னை மட்டும் 'சக செய்தியாளர்' என்றே அழைத்துவந்தார். நமக்குள் என்ன முறை என்றேன். "விசாரணை நடைபெற்று வருகிறது" என்றார். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கேட்பேன். விசாரணை நடந்துகொண்டே இருந்தது.

இப்போது அவர் இங்கில்லை. அண்ணன் படுத்த படுக்கையாகிவிட்டார், வந்து பார்த்துப் போ என்று ஒடிசாவிலிருந்து போன் வந்தது. தாயார் இறந்ததைப் பதினோரு நாள் கழித்துச் சொன்ன அதே அண்ணன். பத்து நாளில் திரும்புவதாகச் சொல்லிப் போனவர், அண்ணன் இறந்த பிறகு அண்ணியையும் பிள்ளைகளையும் விட்டு வர முடியாமல் அங்கேயே இருக்கிறார். ஐந்து வருடம் ஆகிறது. எங்கள் பக்கம் கிணறு வெட்டினால் கல்லுக்குள் சங்கும் சிப்பியும் வரும். ஒரு காலத்தில் கடல் இருந்த இடம் என்கிறார்கள். கடலே குடியிருந்துவிட்டுக் காலி செய்துகொண்டு போன ஊர் இது. ஒரு மனுஷனைப் பிடித்து வைத்துக்கொள்ள இந்த ஊருக்கு எங்கே தெரியப்போகிறது? இப்படித்தான் என்னை நானே சமாதானப்படுத்திக்கொள்கிறேன். சமாதானம் ஆகவில்லை.

நான் சொல்ல வந்தது, அவர் போவதற்கு முன்பு நடந்த ஒரு காதுகுத்து.

அக்காவின் மகளைப் பெரம்பலூரில் கொடுத்திருந்தது. பெண் குழந்தை பிறந்தது. பதினோராவது மாதம் கொள்ளிடக் கரை மாதா கோயிலில் மொட்டையடித்துக் காது குத்துவதாக ஏற்பாடு. தாய்மாமன் மடியில் உட்காரவைத்துத்தான் குத்த வேண்டும். அதில் இந்துவும் கிறிஸ்தவரும் ஒன்று. மகளுக்குக் கூடப்பிறந்த அண்ணன் தம்பி கிடையாது. பெரியப்பா மகன் ஒருவர் இருந்தார். டிராக்டர், செங்கல் சூளை, கனத்த மீசை. முறைப்படி அவர் குழந்தைக்குத் தாய்மாமன்தான். ஞானத்தாயின் மகன் என்ற கணக்கில் நம் நிருபரும் தாய்மாமன்.

நிருபர் இதைப் பற்றி யாரிடமும் ஒரு வார்த்தை பேசவில்லை. ஆனால் குழந்தை பிறந்த மாதமே ஒரு ஜோடி வெள்ளிக் கொலுசு வாங்கி, என் கடை அலமாரியில் வைக்கக் கொடுத்துவிட்டார். வீட்டில் வைத்தால் தினமும் எடுத்துப் பார்த்துக்கொண்டிருப்பாராம். என் கடைக்கு வந்துதான் தினமும் எடுத்துப் பார்த்தார்.

பத்திரிகை அடிக்க அக்கா என்னிடம் வந்தார். காலண்டர் தாளின் பின்பக்கம் பெயர்களை எழுதி வந்திருந்தார். தாய்மாமன்கள் என்ற தலைப்பின் கீழ் இரண்டு பெயர். "எம்மவன் பேரை நல்லா தெரியிற மாதிரி போடுங்க தம்பி" என்றார். சரி என்றேன்.

மறுநாள் மீசைக்காரர் வந்தார். கத்தவில்லை, மிரட்டவில்லை. அவர் பேசியதில் மரியாதைக் குறைவே இல்லை. "அந்தாளு நல்லவருதாங்க. ஆனா நாளைக்கு ஊருல கேப்பாங்க. ரத்தமும் இல்ல, சாதியும் தெரியல, எந்த ஊருன்னும் தெரியல. நண்பர்னு போட்டுட்டா யாருக்கும் சங்கடம் இல்ல பாருங்க." எனக்கும் அது நியாயமாகவே பட்டது. சபையில் சண்டை வந்தால் யாருக்கு அவமானம்? நிருபருக்குத்தானே? இப்படியெல்லாம் யோசித்து, அவர் நன்மைக்காகவே, பெயரைத் தாய்மாமன் பட்டியலிலிருந்து எடுத்துக் கடைசியில் 'அன்பு நண்பர்கள்' பட்டியலில், என் பெயருக்குப் பக்கத்தில் வைத்தேன். கோழைத்தனத்துக்கு நடுநிலை என்று பெயர் வைத்துக்கொள்ள நிருபர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

என் கடையில் அடிக்கும் எல்லாப் பத்திரிகைக்கும் அவர்தான் பிழை பார்ப்பார். எழுத்துப் பிழைக்கு அல்ல, முறைப் பிழைக்கு. சித்தப்பா இருக்க வேண்டிய இடத்தில் மாமா என்று போட்டு எத்தனையோ குடும்பங்களில் நான் மூட்டவிருந்த சண்டைகளை அவர் பென்சில் தடுத்திருக்கிறது. அன்றும் வந்தார். பென்சிலை எடுத்துக்கொண்டு மேலிருந்து படித்தார். தாய்மாமன் என்ற இடத்தில் பென்சில் நின்றது. நான் பிரிண்டரில் தாள் அடுக்குவதில் மும்முரமானேன். பிறகு பென்சில் கீழே இறங்கியது. கடைசி வரிவரை போயிற்று. மீசைக்காரரின் இனிஷியல் தப்பாக இருந்தது, அதைத் திருத்தினார்.

"பிழை இல்லை. அச்சிடலாம்" என்றார்.

இத்தனை வருடத்தில் அவர் தெரிந்தே விட்ட ஒரே பிழை அது. அன்று கொலுசை எடுத்துப் பார்க்காமல் போனார்.

அச்சான பத்திரிகைக் கட்டை வாங்க அக்கா வந்தார். ஒன்றைப் பிரித்துப் படித்தார். என்னைப் பார்த்தார். கட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டார். திட்டியிருந்தால் தேவலை.

காதுகுத்தன்று மீசைக்காரர் டிராக்டரில் மேளத்தோடு வந்து இறங்கினார். பதினெட்டுத் தட்டு, பழம், பட்டுப்பாவாடை, வெண்கலக் குடம், ஒரு கிடா. நிருபர் அரியலூரிலிருந்து பஸ்ஸில், மடியில் ஒரே ஒரு தட்டோடு வந்தார். பாவாடைத் துணி, ஆப்பிள், அந்தக் கொலுசு. அதை நண்பர்கள் கொண்டுவந்த பொருள்களோடு ஓரமாக வைத்துவிட்டு, என் பக்கத்தில் வந்து நின்று நோட்டை எடுத்தார். செய்தி சேகரிக்கவா என்றேன். ஆம் என்றார். எந்த நாளிதழும் போடாத செய்தியை அவர் கீழே பார்த்துக்கொண்டே எழுதினார்.

வேப்பமரத்தடியில் பாய் விரித்து, மீசைக்காரர் மடியில் குழந்தையை வைத்தார்கள். மொட்டைத் தலையில் சந்தனம். ஆசாரி ஊசியை எடுத்தார். வலது காது. குழந்தை போட்ட சத்தத்தில் மேளக்காரர்களே நிறுத்திவிட்டார்கள். ஆசாரி இடது பக்கம் திரும்பினார்.

"இருங்க ஆசாரி" என்றார் அக்கா. பிறகு எங்கள் பக்கம் பார்த்தார். "டேய், அங்க என்னடா நோட்டுல எழுதிக்கிட்டு நிக்கிற? வா. வந்து ஒக்காரு."

பக்கத்தில் நின்ற எனக்கே ஒரு கணம், யாரைக் கூப்பிடுகிறார் என்று புரியவில்லை. அக்கா அவரை 'டா' போட்டுக் கூப்பிட்டு நான் கேட்டதே இல்லை. அவரும் பின்னால் திரும்பிப் பார்த்தார், வேறு யாரோ என்று. பின்னால் சுவர்தான் இருந்தது.

மீசைக்காரர் குழந்தையை ஆட்டிக்கொண்டே கேட்டார். "சித்தி, அவரு நமக்கு என்ன முறைன்னு ஊருல கேட்டா நான் என்ன சொல்றது?"

"ஒனக்கு அண்ணன் முறைன்னு சொல்லு."

"பத்திரிகையில நண்பர்னுல்ல போட்டுருக்கு?"

"அது அடிச்சவன் தப்பு" என்றார் அக்கா, என்னைப் பார்க்காமல்.

"அப்ப நான் எந்திரிக்கணுமா?"

"நீ ஏன் எந்திரிக்கற? ஒரு காது நீ, ஒரு காது அவன். புள்ளைக்குக் காது ரெண்டு இருக்குல்ல."

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். அது நல்ல சிரிப்பு. மீசைக்காரர் என்ன கணக்குப் போட்டாரோ, பாயில் ஓரமாக நகர்ந்து இடம் விட்டார். நிருபர் நோட்டை என் கையில் கொடுத்தார். செருப்பைக் கழற்றினார். சட்டைப் பையிலிருந்த பேனாவையும் எடுத்து என்னிடம் கொடுத்தார், குழந்தை கண்ணில் குத்திவிடுமாம். போய் உட்கார்ந்தார். குழந்தை மடி மாறியது. அதன் தலையை எப்படிப் பிடிப்பது என்று மீசைக்காரர்தான் அவருக்குக் காட்டிக் கொடுத்தார்.

இடது காது. அந்த அழுகையை நான் விவரிக்கப்போவதில்லை. அவரும் கண்ணை மூடிக்கொண்டார். ஆசாரி கம்பியை முறுக்கி முடித்த பிறகும் திறக்கவில்லை. அக்கா தட்டைத் தேடி எடுத்துவந்து, அந்தக் கொலுசை அவர் கையாலேயே போடச் சொன்னார். திருகாணி அவர் விரலுக்கு அடங்கவில்லை. நேரம் ஆயிற்று. யாரும் அவசரப்படுத்தவில்லை.

கொஞ்ச நேரத்தில் மேளம் மறுபடி தொடங்கியது. ஜனங்கள் பந்திப் பக்கம் நகர்ந்தார்கள். அவர் மட்டும் பாயில் அப்படியே உட்கார்ந்திருந்தார். குழந்தை அவர் தோளில் விக்கிக்கொண்டிருந்தது. வெள்ளை வேட்டியில் மடியிலிருந்து முழங்கால்வரை ஈரம். எனக்கு அவரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும். கேட்டுப் பழக்கமில்லை. எனவே எனக்குத் தெரிந்த ஒரே வழியில், அவர் பாஷையிலேயே ஆரம்பித்தேன்.

"குழந்தை காரணமாக உங்கள் வேட்டி சேதமடைந்ததாகக் கூறப்படுகிறதே?"

அவர் நிமிர்ந்து பார்த்தார். உதட்டில் விரல் வைத்தார்.

"பேசாம இரு மச்சான். எம் மருமவ இப்பதான் அழுவுறத நிறுத்தியிருக்கா."

அவர் நோட்டு அதுவரை என் கையில்தான் இருந்தது. மச்சானுக்கு அதில் என்ன எழுதியிருக்கிறது என்று நான் புரட்டிப் பார்க்கவில்லை. அன்று பந்தியில் எனக்குப் பக்கத்து இலையில் உட்கார்ந்து, ஈர வேட்டியோடு, என் இலைக்கு இரண்டாம் முறை கறி போடச் சொன்னார்.

எனக்கு மச்சான் முறையாகிறவர்கள் உடையார்பாளையம் பக்கத்தில் முப்பது பேருக்குக் குறையாமல் இருக்கிறார்கள். அவர்கள் கூப்பிட்டால் காது கேட்காத மாதிரி நடப்பதில் எனக்கு நல்ல பயிற்சி. கடையை மூடிவிட்டு நான் பெரம்பலூருக்கு வந்தும் மூன்று வருடமாகிறது. பஸ் ஸ்டாண்டில், கூட்டத்தில், முதுகுக்குப் பின்னால் யாராவது "மச்சான்" என்று கூப்பிட்டால் இப்போதெல்லாம் நின்று திரும்பிப் பார்க்கிறேன். ஒவ்வொரு முறையும் வேறு யாரையோதான் கூப்பிடுகிறார்கள்.